ரேடியேட்டருக்குப் பட்ட நாவூறு

வெள்ளவத்தை வீட்டு முற்றத்தில் என் பழைய மொரிஸ் மைனரின் எஞ்சினை நானே கழற்றிப் பூட்டினேன். "புதுக் கார் மாதிரியெல்லே ஓடுது" என்றார் பக்கத்து வீட்டுச் சிவா அண்ணை. நாவூறு, கண்ணூறு படாமலிருக்க, முன் கிரில்லுக்குள் நீட்டுக் கம்பி விட்டு எலுமிச்சம்பழம் கட்டினேன்.

மறுநாள் காருக்குக் கீழே குளம். ஹோஸ், வாட்டர் பம்ப், ஹெட் கேஸ்கெட் எல்லாம் மாற்றியும் ஒழுக்கு நிற்கவில்லை. அண்ணையின் கண்தான் என்று முடிவெடுத்து, அவரோடு கதைப்பதை நிறுத்தினேன். அதேமாதிரிக் கம்பி விட்டு இன்னொரு பழமும் கட்டினேன். ஒழுக்கு இரண்டானது.

கடைசியில் அவரே வந்து காருக்கு முன்னால் குந்தினார்.

"தம்பி, உம்மட ரெண்டு கம்பியும் ரேடியேட்டரைக் குத்திக்கொண்டு நிக்குது."

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஓட்டைகளை ஈயம் வைத்து அடைப்பிக்கக் கராஜுக்கும் அவர்தான் கூட வந்தார்.

இப்போதும் பழம் கட்டுகிறேன், நூலால், பின் பம்பரில். முடிச்சுப் போடும்வரை அதைப் பிடித்துக்கொண்டிருப்பவர் சிவா அண்ணை.