எல்ஃப்பும் மனிதனும் ஒரு வெற்றுத்தாளும்

எல்ஃப் கதைகளை எனக்குப் பழக்கியதே அவன்தான். தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில், சரக்குகளுக்குக் கஸ்டம்ஸ் வேலை முடித்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் எங்கள் இருவருக்கும் அடுத்தடுத்த மேஜை. தடிதடியான இங்கிலீஷ் புத்தகங்களாகக் கொண்டுவந்து தருவான். கூர்மையான காது, சாவே கிடையாது, அழகோ அழகு: அதுதான் எல்ஃப். அப்படி ஒருத்தி, போயும் போயும், நாளைக்குச் சாகப்போகிற மனுசன்மேல் ஆசைப்படுவாள். அவனுக்காகச் சாகாவரத்தையும் சொந்த சனத்தையும் விட்டுவிட்டு வருவாள். படித்துவிட்டு நானும் அழுதிருக்கிறேன், அது வேறு விஷயம்.

ஆனால் எரிச்சலும் வரும். "ஏலே, எப்பப் பாத்தாலும் அவளே எதுக்கு விடணும்? அவன் எதையாவது விட்டானா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அவன்ட்ட விடுறதுக்கு என்ன இருக்கு?" என்று சிரித்தான். "நம்ம கதையில யாரும் எதையும் விட வேண்டாம், போதுமா?"

நம்ம கதை என்றால் எங்கள் கல்யாணம். நான் திரேஸ்புரத்துக் கத்தோலிக்கப் பெண். அவன் நாசரேத் பக்கம், புராட்டஸ்டன்ட் வீடு. ஏசு ஒருவர்தான் என்றாலும் சம்பந்தம் என்று வந்துவிட்டால் இரண்டு வீட்டுக்கும் ஆகாது. நான் மாதா கோயிலை விடமாட்டேன், அவன் அவனுடைய சபையிலேயே இருக்கட்டும், தாலி கட்டுவது மட்டும் எங்கள் கோயிலில் என்று பேசி முடித்தோம். அப்பா போன பிறகு அம்மாவுக்கு இருப்பது நானும் அந்தக் கோயிலும்தான். அந்தப் பீடத்துக்கு முன்னால் என்னை மணப்பெண்ணாகப் பார்த்துவிட வேண்டும், அதுதான் அவளுடைய ஒரே ஆசை.

ஒருநாள் அவன் ஒரு வெள்ளைத்தாளை நீட்டினான். "வேற சபைக்காரனக் கட்டுறதுக்கு அனுமதி கேட்டு உங்க சாமியாருக்கு ஒரு லெட்டர் குடுக்கணும். கீழ கையெழுத்துப் போடு, நான் டைப் பண்ணிக்கிடுதேன்."

போட்டேன். படித்த பெண்ணுக்குப் புத்தி எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். எங்கள் தொழிலில் இது தப்பே இல்லை. சரக்கு அனுப்பும் முதலாளிகள் கையெழுத்துப் போட்ட வெற்று லெட்டர்பேடுகளைக் கட்டாக எங்களிடம் கொடுத்து வைத்திருப்பார்கள். கஸ்டம்ஸ் கேட்கிற கடிதத்தை நாங்கள் அதில் அடித்துக் கொடுப்போம். ஒருவரும் ஒருவரையும் ஏமாற்றியதில்லை.

கல்யாண ஓலையை மூன்று ஞாயிறு பூசையில் வாசிப்பார்கள், யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் சொல்வதற்காக. முதல் ஞாயிறு அம்மா புதுச்சேலை கட்டி முன்பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வேறு இரண்டு ஜோடிகளின் ஓலையை வாசித்தார்கள். எங்களுடையது வரவில்லை. பூசை முடிந்ததும் சாமியாரிடம் ஓடினோம்.

"என்னம்மா, அவங்க சபைக்கு மாறுதேன்னு நீதான எழுதிக் குடுத்திருக்க? பொறவு இங்க எப்படி ஓலை வாசிக்க?" என்று அவர் ஒரு தாளைக் காட்டினார். 'என் சொந்த விருப்பத்தின் பேரில்' என்று டைப் அடித்திருந்தது. கீழே என் கையெழுத்து.

"ஏளா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?" என்றாள் அம்மா. நான் எழுதவில்லை என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அவள் அந்தக் கையெழுத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நம்பவில்லை. பெற்றவளே என்னை நம்பாதபடி செய்துவிட்டான், பாவி.

கோயில் வாசலில் நின்றே அவனுக்குப் போன் போட்டேன்.

"நீ எங்க சபைக்கு மாறாமக் கட்ட எங்கப்பா ஒத்துக்கிடல. எனக்கு வேற வழி தெரியல," என்றான். பிறகு, வாய்கூசாமல், "அந்தக் கதையில எல்லாம் அவ எல்லாத்தையும் விட்டுட்டு வரலியா? ரசிச்சு ரசிச்சு அழுதியே!" என்றான்.

"வந்தா. அவளாத்தான் வந்தா. அவளுக்குத் தெரியாம அவ பேர்ல எவனும் எழுதிக் குடுக்கல."

அதோடு முடித்துக்கொண்டேன். கல்யாணம் நின்றதற்காக நான் ஒருநாள்கூட அழவில்லை. இரண்டு வருடமாகிறது. இப்போதும் பூசைக்குக் கிளம்பும்போது, சேலை முந்தானையைச் சரிசெய்துகொண்டே, அம்மா மெதுவாகக் கேட்கிறாள்: "நெசமாவே நீ எழுதலயாளா?"