அட்டையில் இருந்த வயது

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான், சாயல்குடி உப்பளத்தில் கொஞ்ச காலம், திருப்பூரில் கொஞ்ச காலம் என்று சுற்றிவிட்டு மண்டபத்தில் ஒரு விசைப்படகில் ஏறியிருந்தேன். வலையை உதறும்போது எங்கள் படகு டிரைவரின் காலில் திருக்கை மீனின் முள் ஏறியது. மஞ்சளை அரைத்துக் கட்டிக்கொண்டு, கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்கியபடி தொழிலுக்கு வந்தார். கால் கறுத்து நாற்றம் எடுத்த பிறகுதான் நானும் அவர் மனைவியும் ராமநாதபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம்.

ரத்தம் எடுத்தார்கள். எடை பார்க்கும்போது டிரைவர் ஒற்றைக்காலில் நின்று என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"தோளை விடுங்கய்யா. பாதிப் பாரத்த அவருகிட்டக் குடுத்துட்டா நான் எதை எழுதுறது?" என்றார் நர்ஸ்.

டாக்டர் இளம்பெண். ரத்த முடிவைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இந்தப் புண்ணுக்குப் போடுற ஊசி மருந்து கிட்னி வழியாத்தான் வெளியேறணும். கிட்னி எவ்வளவு வடிகட்டுதுன்னு கணக்குப் பண்ணாம போட்டா மருந்து உடம்புலயே தங்கிரும். கிட்னியும் போகும், காதும் போகும். உங்க வயசு என்ன?"

"அம்பத்திரண்டு."

அறுபது தாண்டினால், அரசு உதவி கிடைக்கிற மீனவர் அட்டையிலிருந்து பெயர் போய்விடும். அதனால் பிந்திச் சேர்ந்தவர்கள் பலரும் அட்டைக்குப் பதியும் முகாமில் வயதைக் குறைத்துச் சொல்லியிருந்தார்கள். கரையில் அதைப் பொய் என்று யாரும் நினைப்பதில்லை. எங்கே கேட்டாலும் அட்டை வயதுதான் வாயில் வரும்.

அவர் மனைவி விடவில்லை. "மூத்தவனுக்கே நாப்பத்திமூணு ஆகுது. ஒம்பது வயசுலயா அவனப் பெத்தீக?"

"ஏய், சும்மா இரு. கார்டு போயிரும்."

"கிட்னி போனா கார்ட வச்சு விசிறிக்கிட்டா இருப்பீக?"

டாக்டர் சிரிக்கவில்லை. "கார்டு எனக்கு வேணாங்கய்யா. ரத்தத்துல வந்திருக்கிற கழிவு அளவு ஒண்ணுதான். அம்பத்திரண்டு வயசு ஆளுன்னா கிட்னி ஓரளவு ஓடுதுன்னு அர்த்தம். வயசு கூடுதல்னா, அதே அளவுக்கு கிட்னி அதைவிடக் கம்மியா ஓடுதுன்னு அர்த்தம். நான் எந்த ஆளுக்கு ஊசி போடணும்?"

டிரைவர் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தார். அங்கே படுத்திருந்தவரும் கடல் தொழிலாளிதான்.

"அறுபத்தாறு," என்றார், அந்த ஆள் காதில் விழாதபடி மெதுவாக.

டாக்டர் கைப்பேசியில் மறுபடி கணக்குப் போட்டார். தினமும் போட வேண்டிய ஊசி ஒருநாள் விட்டு ஒருநாள் ஆனது. வலி மாத்திரையும் கிட்னிக்கு ஆகாது என்று நிறுத்தச் சொன்னார். இடையில் மீண்டும் மீண்டும் ரத்தம் எடுத்தார்கள்.

காலின் சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாயிற்று. சிறுநீரகம் தப்பியது. அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்குள் படகுக்காரர் வேறு டிரைவரை ஏற்றியிருந்தார். புது ஆளோடு எனக்கு ஒத்துவரவில்லை. நான் புதுமடம் பக்கம் வேலை தேடிப் போய்விட்டேன்.