சேரப்பணஞ்சேரி விடுதியில் ஒரு பச்சைப் பக்கம்

2013 ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. சேரப்பணஞ்சேரியில் கம்பெனிப் பெண்கள் தங்கும் விடுதிக்கு ஓர் இணையப்பக்கம் செய்து கொடுத்திருந்தேன். நானாகக் கற்றுக்கொண்ட வேலை. காசு வாங்கவில்லை, அம்பாளுக்குப் பூக்கட்டுவது மாதிரி ஒரு சேவை. கம்பெனி பஸ் நேரங்கள் அதில் இருக்கும். ஒரு கம்பெனியைத் தேர்ந்தெடுத்தால் பக்கம் நீலமாகும், மற்றதற்குப் பச்சை. தேர்ந்தெடுத்ததை பிரவுசரே ஞாபகம் வைத்துக்கொள்ளும்படி, பக்கத்தின் நிறத்தையும் தோற்றத்தையும் அமைக்கும் 'தீம்' நிரலில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த வரியில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

வார்டன் மல்லிகா போன் செய்தார். "இன்னாக்கா, உன் பக்கத்துல டைம் தப்பா கீது. புதுசா வந்த செல்வி ரெண்டு வாட்டி பஸ்ஸ வுட்டுட்டா. இன்னொரு தபா லேட்டானா வரவே வேணாம்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாராம்."

மேற்குத் தாம்பரத்தில் 9.15க்கு ஏறினேன். டிக்கெட் 15 ரூபாய். படப்பையில் கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் நின்று நின்று, இறங்கும்போது 10.35. ராகு காலம் தொடங்கிவிட்டது.

"பன்னெண்டுக்கு மேலதான் கை வைப்பேன்" என்றேன்.

"நல்லா கீது! ஒன்னு பத்துக்கு அவ பஸ். ராகுவா வந்து ஏத்தி வுடுவாரு?" என்று சிரித்தபடி மல்லிகா மோர் கொடுத்தார்.

கூடத்தில் இருந்த கணினிக்குப் பக்கத்தில் சுலோகம் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு பெண் வந்து பச்சையைத் தேர்ந்தெடுத்து, நேரம் பார்த்துவிட்டுப் போனாள். அடுத்து செல்வி, திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். திறந்ததும் பச்சை. "ஒன்னு நாப்பது" என்று முணுமுணுத்துக்கொண்டே எழுந்தாள்.

"உன் பஸ் நீலமாச்சேம்மா?"

"தினம் ஒரு கலரா வருதுக்கா. வெள்ளிக்கிழமைன்னு பச்சையில போட்டிருக்கியன்னுல்லா நெனச்சேன்!"

நேரத்தில் தப்பே இல்லை. முந்தி உட்கார்ந்தவளைத்தான் பக்கம் ஞாபகம் வைத்திருந்தது. கம்பெனிப் பெயரை அழகுக்காகச் சின்ன எழுத்தில் போட்டிருந்தேன். யார் கண்ணிலும் படவில்லை. எங்கள் வீட்டுக் கணினியைத் தொடுவது நான் ஒருத்திதான். இங்கே விடுதி முழுவதற்கும் ஒன்று.

பன்னிரண்டு அடித்ததும் பிள்ளையாரை நினைத்து அந்த வரியை எடுத்தேன். இனி பக்கம் வெள்ளையாகத் திறந்து, "உங்கள் கம்பெனி எது?" என்று பெரிதாகக் கேட்கும். மல்லிகா நாலு தடவை மூடித் திறந்து பார்த்த பிறகே தலையாட்டினார்.

செல்வியோடு நானும் நிறுத்தத்துக்குப் போனேன். 1.10க்கு பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, "யக்கா, பஸ்ஸு வெள்ளையால்லா இருக்கு!" என்று கத்தினாள்.

போகவர 30 ரூபாய், பிள்ளையாருக்குக் கதம்பம் 10. இதுபோல் பக்கம் செய்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: பலர் தொடும் கணினியென்றால் எதையும் ஞாபகம் வைக்கச் சொல்லாதீர்கள், ஒவ்வொரு தடவையும் கேட்கச் சொல்லுங்கள். நேரில் போய்ப் பார்ப்பதானால் ராகு காலத்தில் போய்ச் சேருங்கள். கை சும்மா இருந்ததால்தான் எனக்குக் கண் தெரிந்தது.