குப்பி தீர்ந்த பிறகு வந்த தூக்கம்

நல்ல வெயிலில், கரிவலம்வந்தநல்லூரைத் தாண்டி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். கண் திறந்துதான் இருந்தது, சாலைதான் தெரியவில்லை. "அண்ணாச்சி, வண்டி பள்ளத்துல இறங்குது!" என்று கண்டக்டர் அலறிய பிறகே பிரேக்கை மிதித்தேன். முன்சக்கரம் சாலையை விட்டு இறங்கியிருந்தது. உள்ளே கைப்பிள்ளைகள் வீறிட்டு அழுதன. கீழே இறங்கி வாந்தி எடுத்தேன். அதன்பின் ஸ்டியரிங்கைத் தொடவில்லை.

பல வாரங்களாகவே எனக்குத் தூக்கம் இல்லை. இன்சோம்னியா (தூக்கமின்மை நோய்) உள்ளவர்களுக்குத் தெரியும்: உடம்பு அசந்து விழும், தூக்கம் மட்டும் வராது. சங்கரன்கோவிலில் வாங்கிய தூக்க மாத்திரை பகலிலும் நாக்கைக் குழற வைத்தது. எழுதிக் கொடுத்த டாக்டரே அதை நிறுத்தச் சொன்னார்.

கப்பலில் வேலை பார்த்த மைத்துனன், தூக்கத்துக்கென்று வெளிநாட்டிலிருந்து ஒரு குப்பி மாத்திரை கொண்டுவந்தான். டிரிப்டோஃபேன் (பாலிலும் பருப்பிலும் உள்ள ஓர் அமினோ அமிலம்). அதை எடுத்துக்கொண்டு பாளையங்கோட்டையில் ஒரு பெரிய டாக்டரைப் பார்த்தோம்.

"மூளை இதுலருந்துதான் செரோடோனின் (நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் பொருள்) செய்யுது. அதுலருந்து மெலடோனின் (இருட்டியதும் சுரக்கும் ஹார்மோன்) வருது. அதுவரைக்கும் சரி. ஆனா இதைச் சாப்பிட்டா தூக்கம் வருமான்னா, சிலருக்குக் கொஞ்சம் சீக்கிரம் வந்திருக்கு. சிலருக்கு ஒண்ணுமில்ல. சோதிச்சுப் பாத்த ஆளுக கம்மி."

என் மனைவி கோமதி உடைந்துவிட்டாள். "வரும்னு ஒரு வார்த்தை சொல்லுங்க டாக்டர். இவுக சுவத்துல தலைய முட்டுதாக. நான் என்ன செய்வேன்?"

"தெரியாததைத் தெரியும்னு எப்படிம்மா சொல்ல? சாப்பிடட்டும். நான் பாத்துக்கிடுதேன்."

சாப்பிட்டேன். ஒவ்வொரு முறை விழுங்கிய பின்னும், உள்ளே ஏதாவது இறங்குகிறதா என்று உடம்பையே உற்றுக் கவனித்தபடி கிடப்பேன். ஒன்றும் வரவில்லை.

குப்பி தீர்ந்த அன்று மத்தியானம் கோமதியிடம் சொன்னேன்: "பிள்ளையக் கூட்டிக்கிட்டு சிவகிரிக்கு, ஒங்க அம்மா வீட்டுக்குப் போயிரு. நான் என்ன செய்வேன்னு எனக்கே தெரியல."

அவள் கதவைச் சாத்திவிட்டு என் பக்கத்தில் பாயை விரித்தாள். "தூக்கம் வராட்டிப் போகுது. சும்மா படுங்க. நான் எங்கனயும் போகல."

அவள்தான் முதலில் தூங்கினாள். அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன். விழித்தபோது என் கன்னத்தில் பாயின் தடம் பதிந்திருந்தது.

அதன்பின் தூக்கம் துண்டுதுண்டாகத் திரும்பியது. மருந்து தாமதமாக வேலை செய்ததாலா, வண்டி ஓட்டாமல் விட்டதாலா, தூக்கத்தைத் துரத்தாமல் விட்டதாலா? டாக்டருக்கும் தெரியவில்லை. என்னை நம்பி யாரும் அந்தக் குப்பியைத் தேட வேண்டாம், மருத்துவரைக் கேளுங்கள்.

இப்போது டிப்போவில் டயர் பிரிவில் வேலை. விடுமுறை நாளில் மத்தியானம் சாப்பிட்டுப் படுத்து எழுந்தால், காலையா சாயங்காலமா என்று சற்று நேரம் பிடிபடாது. கைகால்கள் யாருடையவோ போல, சுகமாகக் கனத்துக் கிடக்கும்.

"மணி சொல்லட்டா?" என்பாள் கோமதி.

"சொல்லாத. செத்த பொறு."