உள்பக்கத்தில் ஐம்பத்துநாலு வரிகள்

துணியின் உள்பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை என்பது தையல்காரிக்கு அனுபவத்தில் தெரிந்த விஷயம். இடுப்பை எவ்வளவு பிடிக்க வேண்டும், எந்தத் தோள் தாழ்வு, எல்லாவற்றையும் சாக்கட்டியால் உள்பக்கத்தில்தான் குறித்துவைப்பாள். போட்டுக்கொள்கிறவர் கண்ணாடியில் வெளிப்பக்கத்தைப் பார்த்துச் சந்தோஷமாகப் போய்விடுவார். அவள் உடம்பும் அப்படித்தான். முழுக்கைச் சட்டைக்குள் என்ன இருக்கிறதென்று பதினோரு வருடமாக ஒருத்தரும் கேட்டதில்லை.

அவள் புருஷன் சரக்குக் கிடங்கில் வண்டி ஓட்டுகிறவன். வெளியே கேட்டால் தங்கமான மனுஷன் என்பார்கள். வீட்டில் அவன் செருப்பைக் கழற்றிப் போடும் சத்தத்திலேயே இன்றைக்கு அடி உண்டா இல்லையா என்று அவளுக்குத் தெரிந்துவிடும். பெல்ட், இஸ்திரிப்பெட்டி வயர், கையில் எது அகப்பட்டாலும் சரி. ஒருமுறை அவள் தலையைத் தையல் மெஷின் மேலேயே மோதினான். சக்கரத்தில் சிக்கிய முடியை மறுநாள் அவளே பிடுங்கிப் போட்டுவிட்டு ஒரு கவுனுக்கு விளிம்பு மடித்தாள். அந்தப் பாவிக்கு ஊரில் இருக்கும் நல்ல பேரை நினைத்தால் சொல்கிற எனக்கே வயிறு எரிகிறது.

ஒரு நாள் துணிந்து போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். மேஜையில் இருந்த பெண் போலீஸ் பொறுமையாகத்தான் கேட்டாள்.

"என்னைக்கு அடிச்சாரு, எதால அடிச்சாருன்னு தேதியோட எழுதிக் கொண்டாங்கம்மா. இல்லன்னா, நான் தொட்டதே இல்லன்னு சாதிச்சிடுவாரு."

ஒரு நோட்டுப் போட்டு எழுதினாள். நாலாம் மாதம் நோட்டு அவன் கையில் சிக்கியது. ஒவ்வொரு தாளாகக் கிழித்துக் கசக்கி அவள் வாயில் திணித்தான். மூக்கைப் பொத்திக்கொண்டான். வேறு வழியில்லாமல் விழுங்கினாள்.

அதற்குப் பிறகுதான் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது, ஏதோ ஆபீசில் கழித்துப்போட்ட பழைய பெட்டி. வலைப்பக்கம் இருந்தால் தையலுக்கு ஆள் வருவார்கள் என்று யாரோ சொல்ல, அவனே அவளை நூலகத்தில் நடக்கும் வகுப்புக்கு அனுப்பினான். டீச்சர் அவளைவிடப் பத்து வயது சின்னவள். தடித்த எழுத்துக்காகத் திறந்த குறியை மூடாவிட்டால் அதற்குப் பின்னால் வருவதெல்லாம் தடித்த எழுத்தாகிவிடும் என்றாள். முடிச்சுப் போடாமல் விட்ட நூல் என்ன பாடு படுத்தும் என்று தையல்காரிக்குத் தெரியாதா, வலைப்பக்கம் எழுதும் எச்.டி.எம்.எல். இரண்டே வாரத்தில் பிடிபட்டுவிட்டது.

மூன்றாம் வாரம் டீச்சர் இப்படி எழுதிக் காட்டினாள்: <!-- -->

"இதுக்கு நடுவுல எழுதுறது பக்கத்துல தெரியாதுக்கா. நமக்கு மட்டும்."

"உள்பக்கமா?" என்று கேட்டாள் தையல்காரி.

"ஆமா, அப்படித்தான். திருப்பிப் பார்க்கத் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். ஆனா யாரு பார்க்கப்போறா?"

பக்கம் தயாரானது. மேலே பெரிய எழுத்தில் 'சட்டை, கவுன், பேன்ட் அளவு மாற்றித் தரப்படும்'. கீழே ஒரு நீலக் கவுனின் படம், போன் நம்பர். அதற்கும் கீழே, அந்தக் குறிகளுக்கு நடுவே: 'மூன்றாம் தேதி, பெல்ட், முதுகு. ஒன்பதாம் தேதி, கொதிதண்ணீர், இடது தொடை.' கடவுச்சொல் போட்டு உள்ளே போவாள், ஒரு வரி எழுதுவாள், சேமிப்பாள். புருஷனுக்குப் பெருமை தாங்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கிடங்கில் யாராவது ஒருவர் கையில் போனைக் கொடுத்து, "எம் பொண்டாட்டி செஞ்சது" என்பான். தான் செய்ததன் பட்டியலைத் தானே பையில் வைத்துக்கொண்டு திரிந்தான் அந்த மடையன்.

ஐம்பத்துமூன்று வரி ஆனபோது, பேன்ட் சுருக்க வேண்டுமென்று ஒரு ஆள் போன் செய்தார்.

"யாருடி அவன்?"

"பக்கத்தைப் பார்த்துட்டுக் கூப்பிடுறாருங்க, வேற ஒண்ணும் இல்ல."

"பக்கம் இருந்தாத்தானே கூப்பிடுவான்" என்று சுத்தியலை எடுத்தான். பெட்டி நொறுங்கியது. பிறகு அவள் வலது கையை வெட்டு மேஜைமேல் இழுத்து வைத்து அடித்தான். இரண்டு விரல் எலும்பு உடைந்தது. விரலுக்காக ஒருமுறை கத்தியவள், பெட்டிக்காக விடிய விடிய அழுதாள். சேமித்ததெல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது, அவன் போனுக்கும் அதிலிருந்துதான் போகிறது என்றே அவள் நினைத்திருந்தாள்.

அடித்த மறுநாள் அவன் எப்போதும் தேனாக உருகுவான். விரலுக்குத் துணி சுற்றிவிட்டு, போனை எடுத்து நீட்டினான்.

"எதுக்கு இன்னும் அழுவுற? இந்தா பாரு, உன் பக்கம் அப்படியே இருக்கு. இன்னைக்கு மேனேஜர்கிட்டயே காட்டுறேன், போதுமா?"

நீலக் கவுன் திரையில் இருந்தது. அவள் அழுகையை நிறுத்தினாள்.

அவன் தெருமுனை தாண்டியதும் நூலகத்துக்கு நடந்தாள். இடது கையால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி ஐம்பத்துநாலாவது வரியை எழுதினாள்: 'பதினேழாம் தேதி, சுத்தியல், வலது கை.' பிறகு மேலே இருந்த குறியை அழித்தாள். கீழே இருந்ததையும் அழித்தாள். எல்லா வரியும் ஒரே மொத்தையாகச் சேர்ந்துகொண்டு திரையில் வந்தது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு அடியும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். ஒவ்வொன்றின் முடிவிலும் வரியை உடைக்கும் குறியைப் போட்டாள். கை கடுகடுவென்று வலித்தது, நிறுத்தவில்லை. சேமிக்கும்போது மணி பன்னிரண்டே கால். கிடங்கில் பன்னிரண்டரைக்குச் சாப்பாடு.

பின்னால் வந்து நின்ற டீச்சர் படித்தாள். நேராகப் போய்ப் பிரிண்டரைப் போட்டாள்.

போலீஸ் ஸ்டேஷன் படியில் கால் வைக்கும்போது போன் அடித்தது. அவன் நம்பர். ஆனாலும் எடுத்தாள். குரல் வேறு.

"அம்மா, கிடங்கு மேனேஜர் பேசுறேன். உங்க வீட்டுக்காரர் பெருமையா போனைக் குடுத்தாரு. நான் சத்தமாப் படிக்க ஆரம்பிச்சிட்டேன். முழுசும் படிச்சேன். எல்லாரும் கேட்டாங்க."

பின்னால் அவன் அலறுவது கேட்டது. "பொய்! அவ படியில விழுந்தா!"

"அவரை நாலு பேர் பிடிச்சி உட்கார வச்சிருக்காங்க. நீங்க வீட்டுக்குப் போகாதீங்கம்மா. எங்க இருக்கீங்க?"

"ஸ்டேஷன்ல சார்" என்றாள்.

உள்ளே அதே பெண் போலீஸ். அடையாளம் தெரிந்தது போலத் தலையை நிமிர்த்தினாள். கட்டுப்போட்ட கையைப் பார்த்தாள்.

"எழுதிக் கொண்டாந்தீங்களாம்மா? தேதியோடயா?"

தையல்காரி தாள்களை மேஜைமேல் வைத்தாள்.

"தேதியோடதாங்க. கிழிச்சாலும் பரவாயில்ல. இந்தத் தடவை யாராலயும் என்னை விழுங்க வைக்க முடியாது."