அப்பப்பா தவறவிட்ட மா

சோதிலிங்கம் ஹனோவரில் ஓர் இத்தாலிய உணவகத்தில் இருபத்தெட்டு ஆண்டுகளாகப் பீட்சா போடுகிறார். அகதியாக வந்த புதிதில் அங்கே கோப்பை கழுவினார்; பிறகுதான் அடுப்புக்கு வந்தார். மகன் ஐங்கரன் சிறுவனாக இருந்தபோது, இவர் வேலை முடிந்து வருகிற நேரம் அவன் உறங்கியிருப்பான். பேரப்பிள்ளையுடனாவது ஒட்டுதலாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். மகன் குடும்பமோ பிராங்பேர்ட்டில். சனி, ஞாயிறுகளில்தான் உணவகத்தில் கூட்டம், லீவு கிடைக்காது.

மூன்று வயது ஆதிரையைத் தொலைபேசித் திரையில்தான் பார்ப்பார். பார்த்ததும், "நான் ஆர், சொல்லுங்கோ? சாப்பிட்டிட்டீங்களோ? அப்பப்பாக்குக் கன்னத்தில ஒரு கொஞ்சு தாங்கோ" என்று தொடங்குவார். அவள் தாயின் தோளில் முகத்தைப் புதைத்துவிடுவாள். ஒருநாள் தொலைபேசியையே கவிழ்த்து வைத்தாள். அதோடு அவர் அழைப்பதை நிறுத்திவிட்டார்.

இரண்டு கிழமை பொறுத்துப் பார்த்துவிட்டு, மருமகள் றீற்றாவே அழைத்தாள். அவள் குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்பவள்.

"என்ன மாமா, கோவமோ?"

"கோவமில்லைப் பிள்ளை. என்னைக் கண்டால் பயப்பிடுறாள். ஏன் அவளைக் கரைச்சல்படுத்துவான்?"

"பயமில்லை மாமா. கேள்வி கேட்டால் என்ன சொல்லுறதெண்டு அவளுக்குத் தெரியேல்லை. ஒண்டும் கேக்காதேங்கோ. நீங்கள் உங்கட வேலையைச் செய்யுங்கோ, அவள் பாக்கட்டும்."

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் மறுநாள் மாலை, உணவகம் திறக்குமுன், தொலைபேசியை எண்ணெய்ப் போத்தலில் சாய்த்துவைத்து மாவைத் தட்டினார். சுழற்றி மேலே எறிந்தார். ஆதிரை வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். பதற்றத்தில் ஒன்றைத் தவறவிட, அது சொத்தென்று நிலத்தில் விழுந்தது.

"நொக்மால்," என்றாள் ஆதிரை. இன்னொருதரமாம். இரண்டாவதை அவர் வேண்டுமென்றே போட்டார்.

அன்றிலிருந்து கிழமைக்கு மூன்று நாள், அதே நேரத்தில், அவர் மா தட்டுவதும் அவள் பார்ப்பதுமாகப் போனது.

ஓகஸ்ட்டில் ஒரு கிழமை லீவு கேட்டு வாங்கிக்கொண்டு பிராங்பேர்ட்டுக்குப் போனார். கதவைத் திறந்ததும் ஆதிரை தாயின் பின்னால் ஒளிந்தாள். அவருக்கு முகம் வாடிவிட்டது. கூப்பிட வேண்டாம் என்று றீற்றா கண்ணைக் காட்டினாள். அவர் வாசலிலேயே நிலத்தில் அமர்ந்து சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினார், மெதுவாக, பார்க்காததுபோல. ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றதில் கை வைத்தபோது, சின்னக் கையொன்று வந்து நாடாவைப் பிடித்து இழுத்தது. அவர் காலை அவள் பக்கம் நீட்டினார்.

மூன்றாம் நாள் அவளை அவரிடம் விட்டுவிட்டு ஐங்கரனும் றீற்றாவும் கடைக்குப் போனார்கள். பத்து நிமிடத்தில் றீற்றா தொலைபேசி எடுத்தாள்.

"மாமா, அழுகிறாளோ?"

"இல்லைப் பிள்ளை," என்றார் அவர் குரலைத் தாழ்த்தி. "பொம்மை நித்திரையாம். என்னையும் கதைக்க வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டாள். வையுங்கோ."

றீற்றா சிரித்தபடி கணவனின் கையிலிருந்த கடைத் தள்ளுவண்டியை வாங்கிக்கொண்டாள்.

"அவசரமில்லை," என்றாள். "ஆறுதலா வாங்குவம்."