இரண்டாவது மெசினின் வரிசை

புத்தூரில் கூரையில்லாத ஒரு கொட்டிலில் அரவை மில் தொடங்கினேன். பழைய மெசினைப் பாகம் பாகமாகக் கழற்றி, மானிப்பாயிலிருந்து சைக்கிளில் கட்டி வந்து நானே பூட்டினேன். போரில் இடம்பெயர்ந்து திரும்பியபோது நான்கு சுவர்தான் மிச்சம். மறுபடி கட்டினேன். படித்தது ஐந்தாம் வகுப்பு. இன்று இரண்டு மெசின்கள் ஓடுகின்றன. திருநங்கைகளைப் பற்றி எங்கள் ஊர் உண்மையில் என்ன நினைக்கிறது என்று அளந்து காட்டியவனும் நான்தான்.

போன வருடம் இரண்டாவது மெசினுக்கு ஒரு திருநங்கையை வேலைக்கு வைத்தேன். மிளகாய் பதமாக வறுபட்டிருக்கிறதா என்று மணத்திலேயே சொல்லிவிடுவாள். ஆனால் அரைக்கக் கொண்டுவந்த வாளிகள் எல்லாம் என் மெசின் முன்னால்தான் வரிசையாக நின்றன.

"சும்மா நிண்டு சம்பளம் வாங்க என்னாலை ஏலாது, ஐயா. இந்த மாதத்தோடை போறன்" என்றாள்.

அந்த வாரம்தான் பல்கலைக்கழகக் கம்பஸில் படிக்கும் பெண் ஒருத்தி கேள்வித்தாள்களோடு வந்தாள். திருநங்கை அரைத்த மாவை வாங்குவீர்களா என்று அதில் ஒரு கேள்வி. காத்திருந்த பெண்கள் எல்லோரும் 'ஓம்' என்று அடையாளம் போட்டார்கள். மாணவிக்குப் பெரிய சந்தோஷம்.

"பாத்தியளே ஐயா, உங்கடை ஊர் நல்ல ஊர்!"

"பிள்ளை, பேப்பரை மடிச்சு வைச்சிட்டு வாளியளைப் பார்."

பார்த்தாள். முகம் சுருங்கிவிட்டது.

மறுநாள் என் மெசினின் பெல்டைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். அறுந்துவிட்டது என்று சொன்னேன். அது பொய் என்பது ஊருக்கு இப்போதுதான் தெரியப்போகிறது. முணுமுணுத்தபடி வாளிகளை நகர்த்தினார்கள்.

இரண்டு வாரம் கழித்துப் பெல்டைத் திரும்பப் பூட்டிவிட்டு மாணவியைக் கூப்பிட்டேன். அன்று முதலில் அரைக்க வந்தவள், முன்பு அதிகம் முணுமுணுத்த அதே பெண். வாளியைக் கொண்டுபோய் இரண்டாவது மெசின் முன்னால் வைத்தாள்.

"தங்கச்சி, இஞ்சை மெசின் சும்மாதான் கிடக்கு."

"கிடக்கட்டும் அண்ணை. உங்கடை மாவிலை பிட்டு அவிச்சால் வாயுக்கை நறநறக்குது. இவள் பிள்ளை பட்டுப்போலை அரைக்கிறாள்."

மில்லே சிரித்தது. இரண்டாவது மெசினில் நின்றவளும் சிரித்தாள். மாதம் முடிந்தும் போகவில்லை. சிலர் இன்னும் என் வரிசையில்தான் நிற்கிறார்கள். அதையும் எழுது என்று மாணவியிடம் சொன்னேன்.

தன் அறிக்கையில் எழுதினாள். "ஓர் அரவை ஆலையில் அவதானிக்கப்பட்டது" என்று ஒரே ஒரு வரி. பெல்ட் தானாகவா கழன்றது? அரைத்தது அவள், அந்தக் கெட்டித்தனத்தில் நான் பங்கு கேட்கவில்லை. பெல்டைக் கழற்றியது நான். அறிக்கை அச்சுக்குப் போகுமுன் அந்த வரியில் என் பெயர் வரவேண்டும்.